சார்ட் இன்னும் போடவில்லை

டிசம்பர் நடுவில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மகள் விண்ணப்பித்திருந்த அமெரிக்கக் கல்லூரியின் ரிசல்ட் வந்தது. அந்தக் கல்லூரி இருக்கும் பக்கம் அப்போது முந்தின நாள் மாலை ஏழு மணி. மும்பை மாட்டுங்காவில் மார்கழிக் குளிர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனாலும் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தோம். போர்டல் திறந்தது. சீட் கிடைத்தவர்களுக்குத் திரையில் வண்ணக் காகிதம் பறக்குமாம், ஒன்றும் பறக்கவில்லை. ‘டெஃபர்’ என்றிருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். எங்கள் பில்டிங்கில் அந்த நேரத்துக்குத் தண்ணீரே வராது என்பது அவளுக்கும் தெரியும்.

காலையில் மாடி வீட்டு மாமி கேட்டார், “அப்படின்னா வெயிட்டிங் லிஸ்டா?” இல்லை மாமி. வெயிட்டிங் லிஸ்ட் என்பது மார்ச் கடைசியில், எல்லாருக்கும் முடிவு சொல்லிவிட்ட பிறகு, யாராவது வேண்டாம் என்றால் கூப்பிடுகிறோம் என்பது. இது அதற்கு முன்னாலேயே, நவம்பரில் அவசரமாக விண்ணப்பித்தவளை எடுத்து ஜனவரியில் விண்ணப்பிக்கும் கூட்டத்தோடு சேர்த்து மறுபடி பார்க்கிறோம் என்பது. “ரயில் டிக்கெட்டில் ஆர்.ஏ.சி. மாதிரியா?” ஆர்.ஏ.சி.யில் சைடு லோயரில் பாதி இடமாவது உறுதி மாமி, இங்கே சார்ட்டே இன்னும் போடவில்லை.

அவள் போட்டிருந்தது எர்லி டிசிஷன். சீட் கொடுத்தால் கட்டாயம் சேருவோம் என்று அவள், நாங்கள், பள்ளி கவுன்சிலர் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். டெஃபர் ஆனதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. ஆக, டெஃபர் ஆன வாரத்தில் முதல் வேலை அந்தக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுவது இல்லை. நிறைய கல்லூரிகளுக்கு ஜனவரி 1 கடைசித் தேதி. கிறிஸ்துமஸ் லீவு முழுக்க மற்ற ஆறு இடங்களுக்குக் கட்டுரை எழுதினாள், நடுவில், பொதுத்தேர்வுக்கு முன் பள்ளி வைக்கும் ப்ரீ-போர்டுக்கும் படித்தாள். அழ நேரமில்லாமல் போனது ஒரு விதத்தில் நல்லதுதான்.

அப்புறம்தான் கடிதம். தொடர்ந்து விருப்பம் இருக்கிறது என்று சொல்லும் கடிதம், அவ்வளவுதான். ஆனால் முதலில் கல்லூரி அனுப்பிய தகவலை இன்னொரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். சில இடங்களில் எதுவும் அனுப்பாதே என்றே எழுதியிருப்பார்கள், அப்படியென்றால் சும்மா இருக்க வேண்டும். எம்.ஐ.டி.யில் புது மதிப்பெண்ணும் புதுத் தகவலும் சொல்ல பிப்ரவரியில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்ததில், போர்டலில் ஒரே ஒரு அப்டேட் போடலாம் என்றிருந்தது.

முதலில் எழுதியதைக் காட்டினாள். ‘கனவு’ நான்கு தடவை வந்தது. இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சல் வேறு. நம் ஊர் லீவு லெட்டர் வாடை அப்படியே அடித்தது, ‘தயவுகூர்ந்து’ மட்டும்தான் இல்லை. என்ன திருத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. நவம்பருக்கு அப்புறம் என்னடி புதுசு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

ஒன்றுமில்லாமலா? மொட்டை மாடியில் ஜூனிலிருந்து ஒரு மழைமானி வைத்திருந்தாள், பாட்டிலை வெட்டி ஸ்கேல் ஒட்டியது. விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரி போட்டிருந்தாள், அப்போது நோட்டில் வெறும் எண்கள்தான். நவம்பர் கடைசியில்தான் நான்கு மாதக் கணக்கையும் கொலாபா, சாந்தாகுரூஸ் வானிலை ஆய்வு மைய அளவுகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தாள். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் நின்ற நாட்களில் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்றும் அதே தாளில் குறித்திருந்தாள். பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடிய வழியில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் தன் பாட்டில் கணக்கிலேயே அது தெரிந்தபோது குதித்தாளே, அந்தக் குதி கடிதத்தில் எங்கே?

அதை எழுதினாள். அரைப் பக்கம். முதல் பத்தியில், இன்னும் இதுதான் என் முதல் விருப்பம் என்று ஒரு வரி. அது நிஜம் என்பதால் எழுதினாள், எல்லா இடத்துக்கும் அதே வரியை அனுப்புவது பொய். கணக்கில் அரையாண்டு மதிப்பெண் ஏறியது ஒரு வரி. ‘கனவு’ ஒரு தடவைகூட வரவில்லை.

பள்ளியிலிருந்து போக வேண்டிய மிட்-இயர் ரிப்போர்ட், அதாவது வருஷத்தின் பாதி வரைக்குமான மார்க் விவரம், அதுதான் பெரிய தலைவலி. நம் பள்ளிகளில் செமஸ்டர் கிடையாதே, எந்த மார்க்கை அனுப்புவது என்று ஆபீஸில் கையைப் பிசைந்தார்கள். ப்ரீ-போர்டு மார்க் போதும் என்று புரியவைக்க மூன்று நடை நடந்தேன். இதற்கிடையில் ஒரு கன்சல்டன்ட் போன் செய்து, பெரிய மனிதர்களிடம் நான்கு சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்பலாம், அதற்கு ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்றார். அந்த மனிதர்களுக்கு என் மகளைத் தெரியாது சார் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் அப்லோடு செய்தாள். முடிவு மார்ச் கடைசியில். இப்போது ஃபிசிக்ஸ் ப்ராக்டிகல் ரெக்கார்டுக்கு பிரவுன் அட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், கத்தரிக்கோலைக் காணோமாம். பாட்டில் வெட்ட எடுத்துப்போனது இன்னும் மாடியிலேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன்.