கம்பி இல்லாத யன்னல்

யன்னல் மாற்ற எஸ்டிமேட் பார்க்க வந்தவர் "புகை வருகிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். சாமித்தட்டிலிருந்து ஊதுவத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்திக் கொடுத்தேன். ஹோல் யன்னலின் ஓரத்தில் அதைப் பிடித்தார். நேராக எழும்ப வேண்டிய புகை வளைந்து வீட்டுக்குள்ளே ஓடி வந்தது. "இந்த இடுக்கால்தான் உங்கள் ஹீட்டிங் காசு போகிறது" என்றார். பிள்ளையாருக்கு வைத்திருந்த வத்தி.

டொரொன்டோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கியது 1960களில் கட்டிய செங்கல் வீடு. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் எப்போதும் புகார் மூடியிருக்கும். ஓரத்து ஒட்டு விட்டு ஈரம் உள்ளே போய்விட்டதாம், துடைத்துப் பிரயோசனமில்லையாம். நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் துடைத்தவன் நான்.

அப்புறம் இரவிரவாகப் படித்தேன். கண்ணாடிகளுக்கு நடுவில் ஆர்கன் வாயு நிரப்புவார்கள், அது காற்றைவிடக் குறைவாகவே சூட்டைக் கடத்தும். லோ-ஈ என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு, வீட்டுச் சூட்டைத் திருப்பி உள்ளேயே அனுப்பும். யன்னலால் எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று சொல்கிற யூ எண் குறைந்தால் நல்லது, யன்னல் மொத்தத்தில் எவ்வளவு சக்தியை மிச்சம் பிடிக்கும் என்று சொல்கிற ஈஆர் எண் கூடினால் நல்லது. தள்ளித் திறக்கிற யன்னலைவிடக் கைப்பிடியைச் சுற்றித் திறக்கிற கேஸ்மென்ட்தான் காற்றை இறுக்கி மறிக்கும். சரி, நானும் கனடாக்காரன் ஆகிவிட்டேன் என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்பு மட்டக்களப்பில் எங்கள் ஊரான கல்லடிக்கு போன் எடுக்கும் வரைதான்.

"நாலு பக்கத்துக்கும் ஒரே கண்ணாடியா மனே?" என்று கேட்டார் அம்மா.

ஊரில் யன்னல் திறப்பதும் பூட்டுவதும் அம்மாவின் இலாகா. கச்சான் காலத்தில் மேற்கே தரைப்பக்கமிருந்து அனலாக வீசும், வாவிப்பக்க யன்னல்களுக்குக் காலையிலேயே கொழுக்கி விழுந்துவிடும். பின்னேரம் கடற்காற்று எழும்பினதும் கிழக்கு யன்னல்கள் படாரென்று திறக்கும். கார்த்திகை மார்கழி மழைக்கு முதலில் பூட்டுவதும் அதே கிழக்கு யன்னல்களைத்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் யன்னல் கதவு பிய்த்துக்கொண்டு பறந்த கதையைப் பெத்தா எத்தனை தரம் சொன்னாலும், அது எந்தப் பக்கத்து யன்னல் என்று சொல்லாமல் விட்டதே இல்லை.

எஸ்டிமேட்காரரிடம் மறுகா கேட்டேன். அம்மா சொன்னது சரிதான். தெற்குக்குக் குளிர்கால வெயிலை உள்ளே விடுகிற கண்ணாடி நல்லதாம், மேற்குக்குக் கோடைப் பின்னேர வெயிலை மறிக்கிறது நல்லதாம். ஆனால் அவர் தந்த விலைச்சீட்டில் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கண்ணாடிதான். கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டைத் திருப்பி எழுத வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஊதுவத்திப் புகை நேராகப் போகிறது. பெருமையாக வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"கம்பி எங்க? கம்பி இல்லாம என்ன யன்னல் மனே?"

கள்ளனுக்கு மட்டுமா கம்பி? அதற்குள்ளே காலை விட்டுத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் ஐஸ்பழக்காரரின் மணிக்குக் காத்திருப்பேன். ஒருநாள் முழங்கால் இறுகி, அப்பா தேங்காய் எண்ணெய் பூசி இழுத்தெடுப்பதற்குள் ஐஸ்பழம் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது.

அம்மா போனை வைத்த பிறகும் யன்னலடியில்தான் நின்றேன். பனி தள்ளுகிற வண்டி ஒன்று போனது. வெளிச்சம் சுவரில் ஓடியது, சத்தம் வரவில்லை.