வற்றாப்பளையில் ஒரு பொங்கல் இரவு

வட்டுவாகல் பாலம் வந்ததும் பஸ்ஸுக்குள் கதை நின்றுவிட்டது. போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதம், கையில் அகப்பட்டதோடு சனம் இராணுவப் பக்கம் நடந்து போனது இந்தப் பாலத்தால்தான். சரணடைந்தவர்களில் பலர் பிறகு வீடு வரவில்லை. நந்திக்கடலுக்கு அங்கால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில்.

மதுரையை எரித்த கோபம் ஆற ஈழத்துக்கு வந்த கண்ணகி, பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்பார்கள். மாடு மேய்த்த பிள்ளைகளிடம் கிழவியாக வந்து, எண்ணெய் இல்லாவிட்டால் கடல்நீரை ஊற்றி விளக்கு ஏற்றச் சொன்னாளாம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முதல் கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கெரிப்பார்கள். எப்படி எரிகிறதென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் போனது தங்கச்சியின் விசா நேர்த்திக்கு. மண்ணில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் போய், பெடியனின் ஒரு பக்கத் தோள் வெளிறியிருந்தது. முகத்துக்கு ஒன்றுமில்லை.

"மூத்தவன். இந்தப் பாலத்தடியிலதான் கையைப் பிடிச்சுக் குடுத்தனான்."

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 இல் தொடங்கிய போராட்டப் பந்தலில் அவரும் இருக்கிறார். ஆணைக்குழு வரும்போதெல்லாம் போய்ப் பதிந்திருக்கிறார்.

"அம்மாளாச்சி வழக்குச் சொல்லேக்க கையில ஒற்றைச் சிலம்பு. என்னட்டை இந்தப் படம். ஆனா பிள்ளை, அந்த ராசா கேட்டவன். பிழையெண்டு தெரிஞ்ச உடன சிங்காசனத்திலயே உயிரை விட்டவன். இவங்கள் ஒவ்வொரு முறையும் பேரென்ன, வயசென்ன எண்டு முதல்ல இருந்து கேக்கிறாங்கள்."

"அம்மனிட்டை என்ன கேக்கிறனீங்கள்?"

"தா எண்டு இப்ப கேக்கிறேல்லை. எங்க எண்டு சொல்லச் சொல்லு எண்டுதான்."

பறை உரத்தது. பால் பொங்கி வழிய, சனம் "அம்மாளாச்சி!" என்று எழுந்தது. அவர் எழும்பவில்லை. படத்தை அம்மனுக்குப் படைத்த மடைப்பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி இருந்தார். விசாவைக் கேட்க நான் மறந்தே போனேன்.

விடிய, திருநீற்றை ஒரு கடதாசியில் மடித்துப் படத்தோடு வைத்துவிட்டு, பந்தலுக்குப் போக முதல் பஸ் எத்தனை மணிக்கென்று என்னிடம் விசாரித்தார்.