ஸ்டார், குடில், அச்சு முறுக்கு: நாகர்கோவில் வீட்டு டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 6

கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு மூங்கில் பிளந்தாயிற்று. 90 செ.மீ. நீளத்தில் 10 சிம்பு, 15 செ.மீ.யில் 5 குத்துக்கட்டை. பச்சை மூங்கில்தான் சரி. காய்ந்தது பிளக்கும்போதே கோணலாக ஓடும், வளைத்தால் ஒடியும். எல்லாம் ஒரே தடிமன் இருக்கவேண்டும். ஒரு சிம்பு மெலிந்தாலும் அந்தப் பக்கம் உள்வாங்கிவிடும். கணுவையும் சீவிவிட வேண்டும், தாள் முதலில் கிழிவது அங்கேதான்.

ஒவ்வொரு சிம்பிலும் இரு முனையிலிருந்தும் 34.5 செ.மீ.யில் பென்சில் குறி. ஐந்து சிம்புகளை ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பின்னி, குறியோடு குறி சேரும் இடத்தில் நூலால் இறுக்கினால் ஐந்து முனையும் சமமாக விழும். கண்ணளவில் கட்டிய ஸ்டாரைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

இப்படி இரண்டு. முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள்மூலை ஐந்திலும் குத்துக்கட்டை கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும்.

டிசம்பர் 8

பசை: 50 கிராம் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 300 மி.லி. ஆக்கி, பளபளப்பு வரும்வரை கிண்டவேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). அது விஷம், அந்தச் சட்டி மறுபடி அடுக்களைக்குள் போகக்கூடாது.

தாள் 22 துண்டு: முன்னும் பின்னும் கை முக்கோணம் 10, பக்கவாட்டு முக்கோணம் 10, நடு ஐங்கோணம் 2. பின் ஐங்கோணத்தை ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டினால் பல்பு மாட்டக் கதவாகிவிடும். பட்டத்தாள் நல்லது. பசை முழுக்கக் காய்ந்தபின் லேசாகத் தண்ணீர் தெளித்தால் காயும்போது மேளத்தோல்போல இறுகும். அவசரப்பட்டு முன்பே தெளித்தால் ஒட்டு நழுவும். கண்ணாடித்தாள் கண்ணைப் பறிக்கும்தான். பனி பட்டால் தொளதொளத்துவிடும்.

டிசம்பர் 10

ஸ்டார் ஏறியது. 5 வாட் எல்.இ.டி. போதும். ஒயர் மேலிருந்து நேராக இறங்கினால் மழைநீர் அதன்வழியே ஹோல்டருக்குள் வரும். ஹோல்டருக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

டிசம்பர் 14

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலில் வைக்கும் புல்லுக்கு விதைப்பு. நெல் ஓர் இரவு ஊறி, ஈரச் சாக்கில் ஒருநாள் கிடந்து முளை கட்டியது. தட்டில் இரண்டு விரற்கடை மண், அடியில் ஓட்டை. கேழ்வரகை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. கடுகு இன்று வேண்டாம். சீக்கிரம் முளைத்து, 24க்குள் தலைசாய்ந்துவிடும். அதற்கு 19ஆம் தேதி போதும்.

டிசம்பர் 17

ஒரு தட்டில் வெள்ளைப் பூசணம். தண்ணீர் அதிகம், காற்று குறைவு. வெயிலுக்கு மாற்றியாயிற்று. நிழலிலேயே வைத்தால் புல் வெளிறி நீளும்.

டிசம்பர் 22

அச்சு முறுக்கு. பச்சரிசி மாவு 2 கப், கெட்டித் தேங்காய்ப்பால் 1 கப், முட்டை 1, சர்க்கரை அரை கப், எள், உப்பு. தோசைமாவைவிடச் சற்று நீர்க்க இருக்கட்டும். கெட்டியானால் தேங்காய்ப்பால் விடலாம். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காயவேண்டும். காயாத அச்சில் மாவு பிடிக்காது. முக்கால் பங்குதான் முக்கவேண்டும். மாவு மேல்விளிம்பைத் தாண்டினால் அச்சைப் பூட்டிக்கொள்ளும், கம்பியால் குத்தினாலும் வராது. சர்க்கரை கூடினால் சீக்கிரம் சிவந்து, ஆறியபின் வளையும்.

டிசம்பர் 24

காக்கித்தாளைக் கசக்கி, பசை தடவி, செம்மண் தூவினால் குடிலுக்கு மலை. உள்ளே வைக்கோல். அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் அமைத்த குடிலில் சொரூபங்கள் இல்லை. வைக்கோலும் மாடும் கழுதையும்தான். ஆகவே பொம்மை குறைந்தாலும் வைக்கோலில் கஞ்சத்தனம் கூடாது. பாலன் இயேசுவின் சொரூபம் நள்ளிரவுப் பூசைக்குப் பிறகுதான். அதுவரை முன்னணை (பாலனைக் கிடத்தும் தீவனத் தொட்டி) வெறுமையாகவே இருக்கும். பாலனைக் காண வரும் மூன்று ராஜாக்களும் இப்போது தூரத்தில், மலைக்குப் பின்னால்.

ஜனவரி 6

ராஜாக்கள் வந்து சேர்ந்தார்கள். நாளை குடில் பிரிப்பு, புல் ஆட்டுக்கு. ஸ்டாரில் தாளை நனைத்து உரித்து, சட்டத்தை நிழலில் காயவைத்து, அடுப்படிப் பரணில் ஏற்றவேண்டும். புகை படும் மூங்கிலை உளு (துளைக்கும் வண்டு) அவ்வளவாகத் தொடாது.