அந்தப் பிள்ளை பிறகு என்ன சொன்னாள்?

ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்த கடிதம் ஒன்றை இன்னமும் வைத்திருக்கிறேன். நம் பழைய மாணவர் சங்கத்தின் புலமைப்பரிசில் நிதி வழியாக வந்தது. பெயர் இல்லை, முகவரி இல்லை; "ஒரு பழைய மாணவன்" என்று மட்டும் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு கேள்வி. அதற்கு நான் பதில் எழுதவே இல்லை. இந்தச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, எழுத வேண்டியது இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலாம் ஆண்டில் பகலில் விரிவுரை. மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணிவரை கணக்கெழுதும் வேலை. விரிவுரை மட்டும் இருந்த மாதங்களில் எப்படியோ சமாளித்தேன். கற்பித்தல் பயிற்சிக்குப் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் எல்லாம் குலைந்துபோயிற்று. பயிற்சிக்குப் போகிறவர் ஒரு முழு ஆசிரியரின் நாளைச் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பஸ் காசு கையிலிருந்து. மட்டை, மை, சோதனைச் சாமான் எல்லாம் கையிலிருந்து. பின்னேரம் கொப்பி திருத்தல், இரவில் மறுநாளைக்கான பாடக்குறிப்பு. 40 நிமிடப் பாடம் ஒன்றுக்குக் குறிப்பெழுத எனக்கு அப்போது இரண்டு மணித்தியாலம் போதாது. வேலையால் வந்து எழுதத் தொடங்கினால் நள்ளிரவு தாண்டும்.

என் பாடத்தைப் பார்க்க வந்த விரிவுரையாளர் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து கோடு போட்டபடி இருந்தார். முடிந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நீர் 14 கேள்வி கேட்டீர். ஒன்பதுக்கு நீரே மறுமொழியும் சொல்லிப்போட்டீர்." குரலில் கோபம் இல்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1974இல் வெளியிட்ட கட்டுரையைப் படிக்கத் தந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அவர் அளந்து காட்டியிருந்தார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீளுகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், கேள்விகளும் கேட்கிறார்கள்.

விளங்கியது. ஆனால் செய்ய முடியவில்லை. நித்திரை முழித்து, பாடக்குறிப்பை அரைகுறையாக மனதில் ஏற்றிக்கொண்டு நிற்கிற ஒருத்திக்கு வகுப்பின் மௌனம் பயத்தைத் தரும். அடுத்து என்ன சொல்வது என்று தெரிந்தவரால்தான் சும்மா நின்று காத்திருக்க முடியும்.

அந்த ஆண்டின் முடிவில்தான் புலமைப்பரிசில் கிடைத்தது. பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். கணக்கெழுதி வந்த சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தது, அவ்வளவுதான். முதல் தவணை வந்த கிழமையே வேலையை விட்டேன். மாலையில் நாலைந்து பேர் கூடி நடத்தும் நுண்கற்பித்தலுக்கு முதல் தடவையாகப் போனேன். ஒருவர் பத்து நிமிடம் படிப்பிப்பார், மற்றவர்கள் பிள்ளைகளாக இருந்து குறை சொல்வார்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை அது. மனதுக்குள் மூன்று வரை எண்ணப் பழகியது அங்கேதான்.

நிதியை நடத்துகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு படித்த ஒருத்திக்கு வேறோர் இடத்து உதவி, கற்பித்தல் பயிற்சி முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அதற்குள் அவள் பயிற்சியைப் பாதியில் விட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஆசிரியையாக ஒரு வருடம் பிந்திற்று. தொகை சிறியதானாலும் பரவாயில்லை, பயிற்சி தொடங்குமுன் கொடுங்கள். நிபந்தனைகளையும் யோசித்துப் போடுங்கள். ஆசிரியராகப் படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் டீச் (TEACH) மானியத்தைப் பெற்றவர், படிப்பு முடிந்து 8 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகள் ஆசிரியர் தட்டுப்பாடான பாடமொன்றை, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் கற்பிக்க வேண்டும். தவறினால் மானியம் வட்டியோடு கடனாகிவிடும். அதன் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் 20 வயதுப் பிள்ளையின் தலையில் அது பெரிய சுமை. நம் நிதி என்னிடம் கேட்டது தவணைக்கொரு புள்ளித்தாளும் ஒரு கடிதமும் மட்டும்.

அப்படி எழுதிய கடிதமொன்றில்தான் ஏழாம் வகுப்பில் நடந்ததைச் சொல்லியிருந்தேன். குவளையில் பனிக்கட்டி போட்ட நீர். வெளிப்பக்கம் முழுக்கத் துளிகள். "கண்ணாடி ஒழுகுது" என்றான் ஒருவன். உள்ளே சிவப்புச் சாயம் கலந்தேன். வெளியே வந்த துளிகளில் நிறம் இல்லை. "அப்ப இந்தத் தண்ணி எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். மூன்று தாண்டி, ஐந்தும் தாண்டிற்று. அந்தத் தவணை முழுக்க வாய் திறக்காத ஒரு பிள்ளை சன்னலோரத்தில் மெல்ல எழும்பினாள். "காத்திலயும் தண்ணி இருக்கோ, ரீச்சர்?"

அதோடு கடிதத்தை முடித்திருந்தேன். "அந்தப் பிள்ளை பிறகு என்ன சொன்னாள்?" என்று கேட்டு வந்ததுதான் அந்த ஒற்றை வரி.

ஐயா, நீங்கள் எந்த நாட்டில் இருந்து இதை வாசிக்கிறீர்களோ தெரியாது. நான் உடனே "ஓம்" என்று சொல்லவில்லை. "எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்?" என்று அவளிடமே கேட்டேன். திரும்பவும் காத்திருந்தேன். "மூடி போட்டு நிறுத்துப் பாப்பம்" என்றாள். மறுநாள் தகரப் பேணியொன்றில் பனிக்கட்டியை அடைத்து, இறுக மூடி, வெளிப்பக்கத்தைத் துடைத்துத் தராசில் வைத்தோம். மற்றத் தட்டில் படிக்கற்களும் மணலும் போட்டுச் சமப்படுத்தியவள் அவள்தான். பேணி மெல்ல மெல்ல வியர்த்தது. பாடம் முடிய மணி அடிப்பதற்குள் பேணி இருந்த தட்டு கீழே இறங்கியிருந்தது. ஒருவரும் வகுப்பை விட்டு எழும்பவில்லை. அவள் தராசுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, விரலால் ஒரு துளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ்வளவும் காத்து தந்தது, ரீச்சர்."