அரைக் கிலோ கிளிஞ்சலும் ஒரு காயலான் கடை ஊதுகருவியும்

வீட்டிலேயே கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்து பார்க்கிறேன். மூன்றாவது சூட்டில்தான் சுண்ணாம்பு தாளித்தது, அதாவது தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொடியானது. கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிடம் சும்மா கிடந்த கிளிஞ்சல் திடீரென்று சீறி, விரிசல் விட்டு, ஆவி பறக்கத் திருநீறாய் உதிர்ந்தது. தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

முதல் இரண்டு தடவையும் என்னை ஏமாற்றியது நிறம். வெள்ளையாகிவிட்டதே, வெந்துவிட்டது என்று நினைத்தேன். தராசு வேறு கதை சொன்னது. கிளிஞ்சலைச் சுடும்போது அதிலிருந்து கரியமிலவாயு பிரியும்; அது முழுக்கப் போனால் எடையில் 44 சதவீதம் போக வேண்டும். 500 கிராம் போட்டால் 280 கிராம் கிடைக்க வேண்டும். முதல் தடவை 452. இரண்டாவது தடவை 390. உடைத்து வினிகர் விட்டால் நடுவில் நுரைத்தது, அதாவது உள்ளே வேகாமல் பச்சையாகவே இருந்தது.

சூடு மட்டும் போதும் என்று எண்ணியதுதான் தப்பு. மூடிபோட்ட டப்பாவுக்குள் கிளிஞ்சலை அடைத்து வெளியே கரியைக் குவித்திருந்தேன். உள்ளே வெளியான வாயு அங்கேயே தேங்கினால் 900 டிகிரியை நெருங்கும்வரை மிச்சம் பிரியாது. இந்த முறை டப்பாவே இல்லை. எண்ணெய் டின்னுக்கு உள்ளே களிமண் பூசி, ஒரு வரிசை கரி, ஒரு வரிசை கிளிஞ்சல் என்று அடுக்கி, அடியிலிருந்து காற்று. பழைய சுண்ணாம்புச் சூளையான காளவாயில் செய்ததும் இதேதான். நான்தான் புத்திசாலித்தனம் காட்டப் போனேன். மூன்று மணி நேரம் ஊதியபின் 291. சாம்பலில் உதிர்ந்தது போக என்றாலும் எனக்கு இது திருவிழா.

காற்று ஊத முதலில் வைத்த ஹேர் டிரையர் முதல் சூட்டிலேயே வாய் உருகிச் செத்தது. மூலக்கொத்தளம் பக்கம் காயலான் கடையில் கைப்பிடி சுற்றும் ஊதுகருவி கிடைத்தது. தோள்தான் இன்னும் வலிக்கிறது. கரி, இஸ்திரி வண்டிக்காரர்கள் வாங்கும் கடையில். ஈரக்கரியை எடைபோட்டுத் தள்ளிவிட்டார்கள், பாதி நேரம் புகைதான். கிளிஞ்சல், காசிமேட்டில் மட்டிச் சதை எடுத்தபின் ஒதுக்கிய ஓடு. இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவியும் கவிச்சி போகவில்லை.

எதிர்வீட்டு ஆயா வெற்றிலைக்குக் கேட்டது. "பழைய டின்னு ஆயா, வாயில வெக்காத" என்றேன். கோபம்.

ஒன்று கவனியுங்கள், சுட்டதை அன்றைக்கே தாளித்துவிடுங்கள். ஒரு கைப்பிடி, 60 கிராம், திறந்த தட்டில் விட்டுவைத்தேன். கடல்காற்றின் ஈரம் குடித்துக் காலையில் 64.

தாளித்ததைச் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கப் பானையில் வைத்திருக்கிறேன். சுண்ணாம்போடு சேர்க்கக் கடுக்காய் வாங்கியாகிவிட்டது, உப்புப் பூத்த மாடிப்படிச் சுவரில் பூசிப் பார்க்க வேண்டும். அதற்குள் மச்சான் அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் இரண்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பழுப்பாக இருக்கிறது, களிமண் கலப்பு இருக்கும் போல. சல்லடையில் தங்கிய வேகாத குருணையோடு அதையும் அடுத்த ஞாயிறு அடுக்கப் போகிறேன். கரி மட்டும் வேறு கடையில்.