புத்தன் அணையில் பிரியும் தண்ணீர்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வயல் பார்க்க வருகிறவர்கள் நேரே சுசீந்திரத்துக்கோ தேரூருக்கோ போய்விடுகிறார்கள். அந்த வயலுக்குத் தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டுமென்றால் குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் தொடங்க வேண்டும்.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை, முழு நீர்மட்டம் 48 அடி. திருவிதாங்கூர் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில் 1906-இல் முடிந்தது. பறளியாற்றில் பெருஞ்சாணி அணை, முழு நீர்மட்டம் 77 அடி. இந்த இரண்டு ஆறும் தம் போக்கில் போனால் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடல் சேரும். நாஞ்சில் நாடோ கிழக்கே, பழையாற்றுப் படுகையில் இருக்கிறது.

படுகை விட்டுப் படுகைக்குத் தண்ணீரைத் திருப்புவது புத்தன் அணை. உருவத்தில் சின்னதுதான், மாவட்டத்திலேயே முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவென்பேன். இங்கிருந்து பாண்டியன் கால் என்ற கால்வாய் ஒரு பக்கம், பத்மநாபபுரம் புத்தனாறு என்ற கால்வாய் ஒரு பக்கம். பாண்டியன் கால் தண்ணீர்தான் பழையாற்றுக்கு உயிர்.

கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். பல இடங்களில் ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் வெறும் மண்கரை. கனமழையில் சரிவிலிருந்து மண்ணும் சருகும் கால்வாயில் இறங்கும். கால்வாய்க்கு அடியில் ஓடைநீரைக் கடத்தும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்த வெள்ளமும் உள்ளே புகும். நண்டு வளையில் கசிவாகத் தொடங்குவது கரையை அறுத்துவிடும். உடைப்பை அடைக்கும்வரை ஷட்டரை இறக்கியே ஆக வேண்டும். அந்த நாட்களில் கடைவரம்பில், அதாவது கால்வாயின் கடைசி வயல்களில், கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் பொதி கட்டும் (கதிர் உள்ளே உருவாகும்) பருவமாக இருந்தால் கதிர் பதராகிவிடும். மேல்மடைக்காரருக்கு அந்த இழப்பு கண்ணில்கூடப் படாது.

மாத்தூர் தொட்டிப்பாலம் இன்னொரு கிளையில் இருக்கிறது. பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீரை 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல், பறளியாற்றைக் கடத்துகிறது. காமராசர் தொடங்கிவைத்த வேலை, 1966-இல் முடிந்தது.

கடைவரம்பைக் காப்பாற்றுவது குளங்கள்தான். கால்வாயில் முறை வராத நாட்களில் மடை திறந்து சமாளிக்கலாம். சுசீந்திரம்–தேரூர்க் குளங்களுக்கு 2022-இல் ராம்சர் தகுதி, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது பறவைகளுக்காக. தூர் வாராமல் விட்டால் பறவைக்கும் இடமில்லை, பாசனத்துக்கும் தண்ணீரில்லை.

வழக்கமாக ஜூன் தொடங்கிப் பிப்ரவரி முடிய அணை திறந்திருக்கும். ஓடும் தண்ணீர் பார்க்க அந்த மாதங்கள். மடை, மதகு, கரைக்கட்டு பார்க்க மார்ச் முதல் மே வரை. பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.