பளிச்சென்று தெரிந்தால் போதுமா?

எலக்ட்ரான் கற்றையால் சிலிக்கான் தகட்டில் நுண்ணிய வடிவங்களை எழுதுகிற எலக்ட்ரான் பீம் லித்தோகிராபி மெஷினில் வேலைக்கு வருகிற புதுப் பையன்கள் பலர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். திரையில் மார்க் (மெஷின் இடம் பிடிக்கிற அடையாளம்) பளிச்சென்று தெரிந்துவிட்டால், வீடியோ லெவல், அதாவது டிடெக்டர் சிக்னலின் அளவு, சரியாகிவிட்டது என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த சிக்னலைப் படிக்கப்போவது மெஷின். படம் அழகாக இருந்து அதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, விளிம்பு எங்கே என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும்.

பெங்களூரில் ஒரு க்ளீன் ரூமில் இந்த மெஷினோடு பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது உச்சிப்புளியில் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் வளர்ந்த பையன் ஒருவன் வெளியூரில் இதே வேலையில் சேர்ந்திருக்கிறான். சாயங்காலமானால் போன் வரும். அப்படி ஒரு நாள் கேட்டான்: "மாமா, ஒரு நானோ ஆம்பியர்ல மார்க் உடனே கிடைக்குது. பத்துக்கு மாத்தினா சில நேரம் மார்க்கைக் காணோம்னு மெஷின் நின்னுடுது. எனக்குத் திரையில நல்லாத்தானே தெரியுது?"

நல்ல கேள்வி. மார்க் என்பது முதல் அடுக்கோடு சேர்த்து வேஃபரில், அதாவது சிலிக்கான் தகட்டில், போட்டு வைக்கிற தங்கச் சிலுவை. இரண்டாவது அடுக்கு முதல் அடுக்கின்மேல் சரியாக உட்கார அதுதான் வழிகாட்டி. சில வேலைகளில் ஐம்பது நானோமீட்டர் தள்ளிப்போனாலே எல்லாம் வீண். பீம் சிலுவையின் கையைக் குறுக்கே கடக்கும்போது, அணு எண் 79 உள்ள தங்கம், அணு எண் 14 உள்ள சிலிக்கானைவிட அதிக எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்புகிறது. டிடெக்டரில் சிக்னல் ஏறும், தாண்டியதும் இறங்கும். ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டையும் பிடித்து நடுவை மையம் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். பீம் கரண்டைப் பத்து மடங்காக்கினால் திரும்பி வருகிற சிக்னலும் பத்து மடங்காகும். அப்போது லெவலைப் புதிதாக வைத்தே ஆகவேண்டும்.

"வச்சேனே மாமா, வெளிச்சத்தைக் குறைச்சேன்" என்றான்.

சிக்கல் அங்கேதான். வெளிச்சம் என்று அவன் குறைத்தது ஆஃப்செட், சிக்னல் முழுவதையும் அப்படியே மேலே கீழே நகர்த்துவது. அது கடைசிக் கட்டத்தில் வருவது. டிடெக்டரை ஒட்டிய முதல் ஆம்ப்ளிஃபையர் அதற்கு முன்பே திணறி, சிக்னலின் தலையை வெட்டிவிட்டிருந்தால், ஆஃப்செட்டைக் குறைப்பதால் வெட்டுப்பட்ட சிக்னல் அப்படியே கீழே இறங்குமே தவிர, போன தலை திரும்பி வராது. திரையில் மட்டும் நிதானமான படம் கிடைக்கும்.

இது எனக்குக் க்ளீன் ரூமில் தெரிந்த விஷயம் இல்லை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் டிவி கோபுரம் எழும்புவதற்கு முன், இந்தக் கரையில் டிவி என்றால் பல வீடுகளில் ரூபவாஹினிதான். 1982-இல் இலங்கையில் தொடங்கியது. தென்கிழக்கே திருப்பிய ஆன்டெனாவில் ஒரு நாள் புள்ளியும் இரைச்சலுமாக வரும். கோடையில் காற்று ஓய்ந்த ராத்திரிகளில் கடல்மேல் வந்து கொட்டும். கொட்டுகிற அன்றைக்குத்தான் டிவி மெக்கானிக்கான என்னைத் தேடி ஆள் வரும், படம் வளைகிறது, உருள்கிறது என்று. வீட்டுக்காரர்கள் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் திருகிப் பார்த்திருப்பார்கள். நம் பக்கத்து ஒளிபரப்பு முறையில் படத்தை நிலையாகப் பிடித்து வைக்கிற சிங்க் பல்ஸ்தான் கேரியர் அலையின் உச்சி. சிக்னல் மிஞ்சினால் முதலில் நசுங்குவது அதுதான். பின்பக்கம் திறந்து, முன் கட்டத்தில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்குகிற அளவை, தானாகக் கட்டுப்படுத்துகிற ஏஜிசியின் பிரிசெட்டைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்பினால் படம் நின்றுவிடும்.

பையனிடம், சிக்னலைக் கோடாகக் காட்டுகிற ஸ்கோப்பின் படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் தெரிந்தது. சிலிக்கான் பகுதியில், கீழே, கோடு புல் முளைத்தது போலச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. தங்கத்தின் மேல் மழுமழுவென்று ஒரே கோடு. எலக்ட்ரான் சிக்னல் எதுவாக இருந்தாலும் நாய்ஸ், அதாவது இந்தச் சிலிர்ப்பு, இருந்தே தீரும், சிக்னல் கூடினால் அதுவும் கூடும். மேலே நாய்ஸ் இல்லை என்றால் அங்கே சிக்னலே இல்லை, ஆம்ப்ளிஃபையரின் கூரைதான் இருக்கிறது.

"முதல் கட்டத்து கெயினை இறக்கு மாப்ள. தங்கத்து மேலயும் நாய்ஸ் தெரியணும். அப்புறம் ஆஃப்செட், கடைசியில ரெண்டாவது கெயின். அதை மாத்தினா ஆஃப்செட் நகரும், திரும்ப ஒரு தடவை பாரு. கூரைக்குக் கொஞ்சம் இடம் விடு."

நாய்ஸ் தொல்லையாக இருந்தால் பல ஸ்கேன்களைச் சராசரி எடுக்கலாம். 16 ஸ்கேன் எடுத்தால் நாய்ஸ் கால்வாசியாகும். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனும் மார்க்கின் மேலிருக்கிற ரெசிஸ்ட்டையும் (எலக்ட்ரான் பட்டால் மாறுகிற பூச்சு) எக்ஸ்போஸ் செய்கிறது, அளவோடு போக வேண்டும்.

அடுத்த படத்தில் மேலேயும் புல் முளைத்திருந்தது. பத்து நானோ ஆம்பியரிலும் மார்க் கிடைத்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வேறு கவலை. மார்க் இல்லை என்று மெஷின் நின்றுவிட்டால் பரவாயில்லை, நமக்குத் தெரிந்துவிடும். தலை வெட்டுப்பட்ட சிக்னலில், சிலுவையின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மற்றது சரிந்தும் இருந்தால், மெஷின் எடுக்கிற மையம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, எழுதி முடித்துவிடும். நிற்காமல் ஓடிய வேலைகள் எத்தனை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பழைய வேஃபர் எல்லாம் இங்கதான் இருக்கு மாமா. வெர்னியர் போட்டிருக்கேன்" என்றான். பத்து நானோ ஆம்பியரில் எழுதியவற்றை இப்போது மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக வைத்து, வெர்னியரின் அளவுகோல் கோடுகளைப் பார்த்து, இரண்டு அடுக்கும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று குறித்துக்கொண்டிருக்கிறான்.